நான்கு பேர், ஒரே மதிப்பெண்

பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் நான்கு ஆண்டுகளில் வாங்கும் மதிப்பெண்களில் பெரும்பகுதி அவர் தனியே உட்கார்ந்து எழுதியதற்குக் கிடைப்பது. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் மட்டும் வேறு மாதிரி. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி ஒரு குழுவில் நான்கு பேர் வரை இருக்கலாம்; மூன்று பேரோ நான்கு பேரோ சேர்ந்த ‘பேட்ச்’தான் பெரும்பாலும் வழக்கம். ஒரு தலைப்பு, ஒரு கைடு, இடையில் சில ரிவ்யூக்கள், ஒரே ரிப்போர்ட், கடைசியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் வைவா. மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தனி எண் இருக்கும். ஆனால் பல இடங்களில் அந்த நான்கு எண்களும் ஒன்றாகவோ, ஒன்றிரண்டு கூடக்குறையவோதான் இருக்கும். உள்ளே நடந்தது வேறு. ஒருவர் ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கோடு எழுதியிருப்பார். இன்னொருவர் ரிப்போர்ட்டை டைப் செய்து, பக்க எண் சரிபார்த்து, பைண்டிங் கடைக்கு அலைந்திருப்பார். மற்ற இருவர் ரிவ்யூ நாளில் வந்து வரிசையில் நின்றிருப்பார்கள். ‘அவனுக்குப் பேரு மட்டும்தான் இருக்கு’ என்று வகுப்பில் பேசிக்கொள்வார்கள். ஆசிரியரிடம் அது போவது அரிது. போனாலும் ‘உங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கோங்கப்பா’ என்பதோடு முடிந்துவிடும்.

இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பழி மாணவரின் குணத்தின் மேல்தான் விழுகிறது. பொறுப்பில்லாத பிள்ளைகள், ஓசியில் மார்க் வாங்கப் பார்க்கிறவர்கள் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். குழுவில் சேரும்போது முயற்சி ஏன் குறைகிறது என்ற கேள்வியை ஒட்டி நூறாண்டுக்கும் மேலாக நடந்துவந்திருக்கும் ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. ஒதுங்கி நிற்கும் மாணவரைப் பெரும்பாலும் உருவாக்குவது நாம் வேலையைக் கொடுக்கும் விதம். குழு எத்தனை பேர், யார் எதைச் செய்தார் என்பது வெளியே தெரியுமா, மதிப்பெண் எதற்குத் தரப்படுகிறது என்ற மூன்றையும் முதல் வாரத்திலேயே சரியாக அமைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை எழவே எழாது. அமைக்காமல் விட்டுவிட்டு, கடைசி வாரத்தில் மதிப்பெண்ணைக் கூட்டியும் குறைத்தும் நியாயம் செய்ய நினைத்தால் அது யாருக்கும் நியாயமாக இருக்காது.

மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1880-களில் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து இழுவிசையை அளந்தார். முடிவுகள் 1913-இல் வெளிவந்தன. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவர் பங்கும் அவர் தனியாக இழுத்ததில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. தேர்வடம் பிடித்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை, கை இடறும், கால் தடுமாறும். அந்த இழப்பு ஒத்திசைவு இல்லாததால் வந்ததா, முயற்சி குறைந்ததால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க அறுபது ஆண்டுகள் பிடித்தன. 1974-இல் இங்கமும் அவருடைய கூட்டாளிகளும் கண்ணைக் கட்டிய ஒருவரைத் தனியாக இழுக்க வைத்து, பின்னால் இன்னும் சிலர் இழுப்பதாக நம்பச் செய்தார்கள். இடறிக்கொள்ள வேறு ஆளே இல்லை; இருந்தும் இழுவிசை குறைந்தது. 1979-இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் ஆகிய மூவரும் இதையே சத்தம் போடுவதில் சோதித்தார்கள். தன்னோடு ஒருவர் மட்டும் கத்துவதாக நினைத்தவர்கள் தனியாகக் கத்தும் அளவில் 82 சதவீதமும், ஐந்து பேர் கத்துவதாக நினைத்தவர்கள் 74 சதவீதமும் கத்தினார்கள். தாங்கள் குறைத்துக்கொண்டோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை.

அந்த வரிசையில் கல்லூரிக்கு மிக நெருக்கமானது 1981-இல் அதே மூவரும் செய்த அடுத்த சோதனை. ஒவ்வொருவர் குரலும் தனியே அளக்கப்படுகிறது என்று நம்பியபோது, கூட்டத்தோடு கத்தும்போதும் முயற்சி குறையவில்லை. குழு அப்படியே இருந்தது, ஆட்களும் அப்படியே. மாறியது அவரவர் பங்கு தெரிகிறது என்ற நினைப்பு ஒன்றுதான். 1993-இல் காராவும் வில்லியம்ஸும் 78 ஆய்வுகளை ஒன்றாக எடைபோட்டபோது இதோடு வேறு சிலவும் தெளிந்தன: செய்கிற வேலைக்கு அர்த்தம் இருப்பதாகப் பட்டால் யாரும் அவ்வளவாக ஒதுங்குவதில்லை, தான் செய்வதை வேறு யாராலும் ஈடுகட்ட முடியாது என்று தெரிந்தாலும் அப்படித்தான். நார்பர்ட் கெர் 1983-இல் காட்டியது இன்னும் நுட்பமானது. கூட வேலை செய்பவர் திறமை இருந்தும் சும்மா இருக்கிறார் என்று தெரிந்ததும், உழைத்துக்கொண்டிருந்தவரும் தன் உழைப்பைக் குறைத்துக்கொள்கிறார். தான் ஏமாளியாக்கப்படுவதை அவர் மனம் ஏற்பதில்லை. கூட்டாளிக்கு உண்மையிலேயே திறமை போதவில்லை என்றால் அப்படிக் குறைத்துக்கொள்வதில்லை. நம் மாணவர்களுக்கும் இது பொருந்துவதாகவே எனக்குப் படுகிறது. கோடிங் வராத நண்பனைத் தாங்கிப் பிடிக்க அவர்கள் தயங்குவதில்லை. வரும் என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டிருப்பவனைத்தான் அவர்களால் பொறுக்க முடிவதில்லை.

இவை ஆய்வகச் சோதனைகள், வகுப்பறை வேறு என்று சொல்லலாம். வகுப்பறையைப் பற்றி ராபர்ட் ஸ்லாவின் திரட்டிய சான்று தனியே இருக்கிறது. குறைந்தது நான்கு வாரம் நடந்த கூட்டுக்கற்றல் ஆய்வுகள் 99-ஐ அவர் இரண்டாகப் பிரித்தார். ஒரு வகையில் குழுவுக்கான பாராட்டு, அதன் ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியே எவ்வளவு கற்றார் என்பதன் கூட்டலைப் பொறுத்தது. மறு வகையில் குழு சேர்ந்து செய்த ஒரே பொருளுக்குப் பாராட்டு, அல்லது பாராட்டே கிடையாது. முதல் வகையில் கற்றலில் தெரிந்த விளைவின் நடுவளவு 0.32, இரண்டாம் வகையில் 0.07. இவை பள்ளி மாணவர்களைப் பற்றியவை, கல்லூரிக்கு அப்படியே எடுத்துவர முடியாது. இருந்தாலும் நம் ப்ராஜெக்ட் எந்த வகையில் சேரும் என்று பார்க்க வேண்டும். ஒரு ரிப்போர்ட், ஒரு டெமோ, அதற்கு ஒரு மதிப்பெண்: இது இரண்டாம் வகை. நான்கு பேரில் யார் கற்றார் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ப்ராஜெக்ட் சென்டர்களே சாட்சி. பொறியியல் கல்லூரிகள் நிறைந்த நகரங்களில் அவற்றின் பெயர்ப்பலகைகளைப் பார்க்காமல் நடக்க முடியாது. தலைப்பு, கோடு, ரிப்போர்ட், பிபிடி, வைவாவில் என்ன கேட்பார்கள் என்ற பயிற்சி வரை அங்கே விலைக்குக் கிடைக்கும். நான்கு பேரும் காசைச் சரிசமமாகப் பங்கு போட்டுக் கட்டிவிடுகிறார்கள். யாருக்கும் யார் மீதும் மனத்தாங்கல் இல்லை. யாரும் ஒதுங்கி நிற்கவில்லை. பங்களிப்பு பைசா பிசகாமல் சமம். ஒருவரும் எதையும் கற்கவில்லை என்பது மட்டுமே குறை. சமமான பங்களிப்பு என்பதையே இலக்காக வைத்தால் இந்தக் குழுவுக்குத்தான் முழு மதிப்பெண் தர வேண்டியிருக்கும். ஆகவே நாம் கேட்க வேண்டியது வேலையை எத்தனை பங்காகப் பிரித்தார்கள் என்பதோடு நிற்கக் கூடாது. அந்த வேலையால் ஒவ்வொருவரும் எதைத் தன்னுடையதாக்கிக் கொண்டார் என்பதையும் கேட்க வேண்டும். சாட்ஜிபிடி வந்த பிறகு, கடைக்குப் போகாமலேயே ரிப்போர்ட் தயாராகிவிடும் நிலையில், இந்தக் கேள்வி இன்னும் அவசரமாகிவிட்டது.

பேசாமல் நிற்கும் மாணவர் எல்லாரும் உழைக்காதவர்கள் என்ற எண்ணத்தையும் இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய சமூகவியலாளர் எலிசபெத் கோஹன் பல ஆண்டுகள் வகுப்பறைக் குழுக்களைக் கவனித்து ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டினார். படிப்பிலோ சமூகத்திலோ மேலே இருப்பதாகக் கருதப்படும் பிள்ளை அதிகம் பேசுகிறது, அதிகம் பேசும் பிள்ளையே அதிகம் கற்கிறது. கீழே இருப்பதாகக் கருதப்படும் பிள்ளை சொல்வது சரியாகவே இருந்தாலும் காதில் வாங்கப்படுவதில்லை. கொஞ்ச நாளில் சொல்வதையே நிறுத்திவிடுகிறது. மினசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் ஹெல்லரும் ஹோலபாவும் 1992-இல் எழுதியதும் இதே திசையில்தான்: இரண்டு ஆண்கள், ஒரு பெண் என்ற மூவர் குழுவில், அந்தப் பெண்ணே மூவரிலும் திறமைசாலியாக இருந்தபோதும் ஆண்களின் கையே ஓங்கியிருந்தது. நம் ஊரில் இதற்கு வேறு முகங்களும் உண்டு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர் ஆங்கிலத்தில் நடக்கும் ரிவ்யூவில் பின்வரிசைக்குப் போய்விடுகிறார். சர்க்யூட்டைச் சாலிடர் செய்தது அவராகவே இருக்கலாம், விளக்குவது மட்டும் ஆங்கிலம் சரளமாக வருபவர். ‘உன் கையெழுத்து நல்லா இருக்கும், நீ ரெக்கார்டு பாத்துக்கோ’ என்று பெண்ணிடம் ஆவண வேலையைத் தள்ளிவிட்டு, லேபில் ஆண்கள் மட்டும் உட்கார்வதும் உண்டு. அந்தப் பெண் உழைக்காமல் இல்லை, நிறையவே உழைக்கிறாள். கற்றுக்கொள்ள வேண்டிய வேலை மட்டும் அவள் கைக்கு வரவில்லை. பங்கேற்பில் நியாயம் என்று பேசும்போது இந்த இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒதுங்குபவரைப் பிடிப்பதிலேயே குறியாக இருந்தால், ஒதுக்கப்பட்டவரையும் அதே கம்பால் அடித்துவிடுவோம்.

அதனால் குழு சேர்ப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். மாணவர்களே சேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டால் ஹாஸ்டல் ரூம், பஸ் ரூட், மீடியம், சில இடங்களில் சாதி என்று ஏற்கெனவே இருக்கும் கோடுகளின்படியே குழுக்கள் அமைகின்றன. எந்தக் கோட்டுக்குள்ளும் வராதவர்கள் கடைசியில் மிஞ்சி ஒரு பேட்சாகிறார்கள். ஓக்லி, ஃபெல்டர் முதலியோர் 2004-இல் பொறியியல் ஆசிரியர்களுக்காக எழுதிய வழிகாட்டுதல் மூன்று நான்கு பேர் கொண்ட குழுக்களை ஆசிரியரே அமைக்கச் சொல்கிறது. சிறுபான்மையாக இருப்பவரைத் தொடக்கத்தில் ஒரு குழுவில் தனியாளாக விட வேண்டாம் என்றும் சொல்கிறது. இறுதியாண்டு ப்ராஜெக்டில் நண்பர்களைப் பிரித்தால் எதிர்ப்பு வரும். இருவர் இருவராகச் சேர்ந்துவரச் சொல்லி, இரண்டு ஜோடியை ஆசிரியர் இணைப்பது நடுவழி. மூன்று பேர் போதும் என்பதே என் எண்ணம். நான்காவது ஆளுக்கு உண்மையான வேலை இருக்கும் தலைப்புகள் அவ்வளவாக இல்லை, வேலை இல்லாதவரை நிற்க வைத்துவிட்டு அவர் நிற்கிறார் என்று குறை சொல்வது சரியாகாது.

அடுத்தது ரிவ்யூ. இப்போது குழுவில் நன்றாகப் பேசுபவர் பிபிடியின் பெரும்பகுதியைச் சொல்லிவிடுகிறார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு ஸ்லைடு. இதை மாற்றுவதற்குச் செலவே இல்லை. எந்தப் பகுதியை யார் விளக்குவது என்பதைக் கைடு அந்த நேரத்தில் சொல்லட்டும்; ஒருவர் செய்த பகுதியை இன்னொருவரிடம் கேட்கட்டும்; தமிழில் விளக்கினாலும் ஏற்கட்டும். அந்தப் பதிலுக்கான மதிப்பெண்ணில் ஒரு பங்கு அவருக்கும் ஒரு சிறு பங்கு குழுவுக்கும் போகட்டும். ஸ்லாவின் சொன்ன இரண்டு நிபந்தனைகளும், அதாவது குழுவுக்குப் பொதுவான இலக்கும் ஒவ்வொருவருக்கும் தனிப் பொறுப்பும், இதில் ஒன்றாக நிறைவேறுகின்றன. கோடு எழுதத் தெரிந்தவருக்கு மற்றவருக்குச் சொல்லித்தர ஒரு காரணம் பிறக்கிறது. சொல்லித்தந்ததைப் புரிந்துகொள்ளாதவர் பதிலால் தன் மதிப்பெண் குறையலாமா என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான். அதனால்தான் குழுவுக்குப் போகும் பங்கு சிறியதாகவும், திருத்திக்கொள்ள நாள் இருக்கும் முதல் ரிவ்யூக்களில் மட்டும் இருப்பதாகவும் வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகே மாணவர்கள் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறைக்கு வர வேண்டும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் காஃப்மனும் ஃபெல்டரும் ஃபுல்லரும் 2000-இல் விவரித்த முறை எளிமையானது. ஒவ்வொருவரும் தன் குழுவினரைப் பற்றி ‘மிகச் சிறப்பு’ என்பதிலிருந்து ‘வரவே இல்லை’ என்பது வரையுள்ள ஒன்பது சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். மதிப்பிட வேண்டியது பொறுப்பையும் முயற்சியையும், புத்திசாலித்தனத்தை அல்ல என்று படிவமே சொல்லிவிடுகிறது. சொற்களை ஆசிரியர் 100-இலிருந்து 0 வரை எண்ணாக்கிச் சராசரி எடுக்கிறார். நான்கு பேர் பெற்ற சராசரிகள் 87.5, 87.5, 75, 50 என்று வைத்துக்கொள்வோம். குழுவின் சராசரி 75. ஒவ்வொருவர் சராசரியையும் 75-ஆல் வகுத்து, வரும் விகிதத்தைக் குழு மதிப்பெண்ணால் பெருக்க வேண்டும், விகிதம் 1.05-ஐத் தாண்டாது என்பது விதி. குழுவுக்கு 80 என்றால், முதல் இருவருக்கு 84, மூன்றாமவருக்கு 80, நான்காமவருக்கு 53. மேலே ஏறுவதற்கு உச்சவரம்பு வைத்திருப்பது நல்ல யோசனை. அடுத்தவரைக் குறைத்துப் போட்டுத் தான் பெரிதாக லாபம் பார்க்க முடியாது.

இங்கே ஆட்சேபங்கள் வரிசையாக வரும். எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு எல்லாருக்கும் ‘மிகச் சிறப்பு’ போட்டுவிடுவார்களே என்பது முதலாவது. கடைசியில் ஒரே ஒரு முறை கேட்டால் அப்படித்தான் நடக்கும். நண்பனுடைய டிகிரி மேல் கை வைக்க யாருக்கும் மனம் வராது. இரண்டாவது மாதத்திலேயே ஒரு முறை, மதிப்பெண்ணோடு சேர்க்காமல் கேட்க வேண்டும். அப்போது சொல்வது காட்டிக்கொடுப்பதாக இருக்காது, எச்சரிக்கையாக இருக்கும். கைடு அந்த மாணவரைத் தனியே கூப்பிட்டு என்ன சிரமம் என்று கேட்கலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், புரியாததைக் கேட்கக் கூச்சப்படுபவர் எல்லாரும் வெளியில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். விரோதமோ சாதியோ மதிப்பீட்டில் புகுந்துவிடாதா என்பது இரண்டாவது ஆட்சேபம், கனமானதும்கூட. புகும். எனவே அந்த எண்ணை மட்டும் வைத்து யாருடைய மதிப்பெண்ணையும் குறைக்கக் கூடாது. ப்ராஜெக்ட் நோட்டில் வாராவாரம் எழுதியது, ரிவ்யூவில் அவரே சொன்ன பதில், சாஃப்ட்வேர் என்றால் கோடு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’டில் (Git) பதிவான மாற்றங்கள் இவற்றோடு ஒத்துப்போனால் மட்டுமே அந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் அந்தக் குழுவுக்குள் வேறு ஏதோ நடக்கிறது என்று கைடு விசாரிக்க வேண்டும்.

கம்பெனிக்குப் போனாலும் இப்படித்தான் ஆட்கள் இருப்பார்கள், இப்போதே பழகிக்கொள்ளட்டுமே என்று சிலர் சொல்கிறார்கள். கம்பெனியில் மேனேஜர் இருக்கிறார், சம்பள உயர்வு தனித்தனியாக முடிவாகிறது, வேலை யார் பெயரில் ஒதுக்கப்பட்டது என்று பதிவு இருக்கிறது. இவை எதுவும் இல்லாத இடத்தில் மாணவரை விட்டுவிட்டு அதை வேலைக்கான பயிற்சி என்று சொல்ல முடியாது. அப்படியானால் எல்லாருக்கும் தனி ப்ராஜெக்டே கொடுத்துவிடலாமே என்று இன்னொரு பக்கத்திலிருந்து கேட்பார்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் நிரந்தர உறுப்பினரானது. அதன்படி, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அங்கீகார வாரியம் (என்.பி.ஏ.) தனியாகவும் குழுவாகவும் செயல்படும் திறனைப் பொறியியல் பட்டதாரியிடம் எதிர்பார்க்கிறது. அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும் குழுவை நான் விடமாட்டேன். 2010-இல் வூலியும் மற்றவர்களும் 699 பேரைச் சிறு குழுக்களாக வைத்துச் செய்த ஆய்வில், ஒரு குழுவின் கூட்டுத் திறனுக்கும் அதில் இருந்தவர்களின் தனித்தனி அறிவுத்திறனுக்கும் வலுவான தொடர்பு தெரியவில்லை. பேச்சு ஒருவர் கையிலேயே சிக்காமல் எல்லாருக்கும் முறை வந்த குழுக்களே நன்றாகச் செய்தன. நியாயமான பங்கேற்பு இருந்தால் வேலையும் தரமாகும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

ஆசிரியருக்கு நேரம் எங்கே என்பதுதான் மிச்சமிருக்கும் தடை, உண்மையான தடையும் அதுவே. ஒரு வகுப்பில் அறுபது பேர் என்றால் மூவர் குழுக்கள் இருபது. ஐந்து கைடுகள் இருந்தால் ஆளுக்கு நான்கு குழு. வாரம் பதினைந்து நிமிடம் ஒரு குழுவுக்கு என்றால் மொத்தம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியைக் கல்லூரி டைம்டேபிளில் போட்டுத் தர வேண்டும். வகுப்புச் சுமைக்கு மேல் ஆசிரியர் தானாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் எந்த முறையும் காகிதத்தில்தான் இருக்கும். எல்லாம் செய்தும் ஒருவர் வரவே இல்லையென்றால், ஃபெல்டர் முதலியோர் சொல்வதுபோல, எழுத்தில் எச்சரிக்கை கொடுத்த பிறகு அவரைக் குழுவிலிருந்து விலக்கக் குழுவுக்கு உரிமை இருக்க வேண்டும். விலக்கப்பட்டவருக்குக் கைடு ஒரு சிறிய தனித் தலைப்பைக் கொடுத்து அதே செமஸ்டரில் முடிக்க வழி செய்யலாம்.

பல்கலைக்கழகம் விதியைத் திருத்தும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முன்பக்கங்களில் போனஃபைட் சர்டிஃபிகேட் இருக்கிறது. இந்த வேலை இன்னின்னாருடையது என்று நான்கு பெயரையும் சேர்த்து அது சான்று கூறுகிறது. ஆய்விதழ்கள் பலவும் இப்போது கட்டுரையோடு, யார் திட்டமிட்டார், யார் சோதனை செய்தார், யார் எழுதினார் என்று பிரித்துச் சொல்லும் குறிப்பைக் கேட்கின்றன; அதற்கென 14 வகைப் பங்குகள் கொண்ட பொதுப் பட்டியலே இருக்கிறது. அப்படி ஒரு பக்கத்தை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் சேர்க்கலாம். முதல் ரிவ்யூவிலேயே வரைவாக எழுதி, ஒவ்வொரு ரிவ்யூவிலும் திருத்தி, கடைசியில் எல்லாரும் கையெழுத்திட்டு, கைடும் கையெழுத்திட்டு வைவாவுக்கு வரட்டும். வெளித்தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் யார் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறதோ அதிலிருந்து அவரிடம் முதல் கேள்வியைக் கேட்கட்டும்.